எங்கள் தெருவில் 46

போன வாரம் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். வழக்கமான வேகம்தான். பாதித் தெருவில் சும்மா ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் மணிக்கு 46 கிலோமீட்டர். பால்கனியில் நின்றுகொண்டு, பறக்கிற பைக்குகளைத் திட்டுகிற ஆள் நான்.

சென்னையில் குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியானாலும் 30 கிலோமீட்டர்தான் என்று 2023 நவம்பரிலேயே போக்குவரத்துக் காவல்துறை அறிவித்துவிட்டது. கார் 60, பைக் 50, ஆட்டோ 40 என்று சொன்ன அதே அறிவிப்புதான். அன்றைக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்த 60-க்கும் 50-க்கும்தான் சண்டை நடந்தது. 30 பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. தெரு முனைக் கம்பத்தில் 'வீடு வாடகைக்கு' நோட்டீஸ் நாலு இருக்கிறது, 30 என்று ஒரு பலகை இன்றுவரை கிடையாது.

பலகை இல்லாத தெருவில் என்ன வேகம் என்பதுதான் கேள்வியே. 2018-ல் மத்திய அரசு கொடுத்த அறிவிக்கையில் நகராட்சி எல்லைக்குள் கார் 70, பைக் 60 வரை போகலாம் என்று இருந்தது. அண்ணா சாலைக்கும் எங்கள் சந்துக்கும் ஒரே கணக்கு! (2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது தனிக் கதை.) இதைத்தான் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன். வீடுகள் இருக்கிற தெரு என்றாலே 30. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாடு முழுக்க. கூடுதல் வேகம் வேண்டுமென்றால் அந்த ரோட்டுக்குத் தனியாகக் காரணம் சொல்லட்டும். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் இப்படித்தான் 30 மைலை 20 மைலாக்கினார்கள், நம் கணக்கில் 32 கிலோமீட்டர். சுமார் 30 லட்சம் பேர் வாழும் இடத்தில் அதை எதிர்த்த மனுவில் நாலரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. ஆனால் முதல் ஆண்டிலேயே அந்த மாதிரி ரோடுகளில் அடிபட்டவர்கள் எண்ணிக்கை கால் பங்குக்கு மேல் குறைந்தது.

சரி, 30-க்கும் 50-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் ஓடி வருகிறான் என்று வையுங்கள். காய்ந்த ரோடு, நல்ல பிரேக். 30-ல் வந்தால் பார்த்து, மிதித்து, சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-ல் வந்தால் அந்த 13 மீட்டரில் கால் இன்னும் பிரேக்குக்கே போயிருக்காது. எங்கள் கேட்டிலிருந்து இஸ்திரி வண்டி வரைக்கும் அடியெடுத்து அளந்து பார்த்தேன், ஏறக்குறைய அவ்வளவுதான். காலை ஆறரைக்கு எதிர்வீட்டு அம்மா அந்த இடத்தில்தான் ரோட்டுக்கு முதுகு காட்டிக் குனிந்து கோலம் போடுவார். நடைபாதை கிடையாது, வாசலே ரோடுதான். ஏழு மணிக்குள் கோலத்தின் ஓர் இதழ் டயரோடு போயிருக்கும்.

அவசரம் என்பார்கள். எங்கள் தெரு 400 மீட்டர். 30-ல் போனால் 48 விநாடி, 50-ல் போனால் 29. மிச்சம் பிடித்த 19 விநாடியைக் கொண்டுபோய் வேளச்சேரி சிக்னலில் கொட்டுகிறோம். டெலிவரி பையன்களைக் கைகாட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி கேட்டது யார்?

'ஸ்பீடு பிரேக்கர் போட்டால் போச்சு' என்பது இன்னொரு கட்சி. சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைப் பேராயத்தின் (IRC) கணக்குப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் இருப்பது மீதமான சிமென்ட்டில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கட்டிய வரப்பு. ஆட்டோவில் போகும் பாட்டிக்கு இடுப்பு போகும். பைக்காரன் சாக்கடை ஓரம் விட்டிருக்கிற ஓர் அடி இடைவெளியில் நெளிந்து அதே வேகத்தில் போய்விடுவான். அதைவிட, தெருவுக்குள் நுழையும் திருப்பத்தை, வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும் என்கிற மாதிரி குறுக்கிக் கட்டி, தாரிலேயே பெரிதாக 30 என்று எழுதினால் போதும். ஒவ்வொரு தெருவிலும் போலீஸ் நிற்க முடியாது. அப்புறம், தண்ணி லாரியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இங்கே ஓடுவதெல்லாம் நம் வண்டிகள்தானே?

நேற்று முழுத் தெருவையும் 30-லேயே கடந்தேன். பின்னால் விடாமல் ஹாரன். பார்க்கிங்கில் இறங்கிப் பார்த்தால் எங்கள் இரண்டாவது மாடிக்காரர். லிஃப்டில் ஒன்றாகத்தான் ஏறினோம்.

"வண்டில ஏதாவது பிரச்சினையா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.