துடைத்த துணிக்கும் கணக்கு

ரீச்சர்: தம்பி, நில்லும். இப்ப என்ன செய்தீர்?

பெயின்றர்: டெக் பலகைக்குப் பெயின்ற் பூசினேன், ரீச்சர்.

ரீச்சர்: அதைக் கண்டேன். அதுக்குப் பிறகு?

பெயின்றர்: துடைத்தேன்.

ரீச்சர்: துடைக்கிறதுக்கு ஏன் பூசினீர்?

பெயின்றர்: பூசினால்தானே துடைக்கலாம்.

ரீச்சர்: பகிடி விடாதேயும். மகன் காசு அனுப்பி, நான் ரவுணுக்கு பஸ்ஸில் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்த பெயின்ற். நீர் ஒரு கையால் பூசி மற்றக் கையால் துணியில் எடுக்கிறீர்.

பெயின்றர்: பலகை குடிக்கிற அளவு குடிக்கட்டும் என்று பத்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். அதுக்கு மேலும் நிற்கிறது மரத்துக்குள் போகாது. துடைக்காவிட்டால் மேலேயே நின்று ஒரு இடம் மினுங்கும், ஒரு இடம் கறுக்கும், ஒரு இடம் பிசுபிசுக்கும். மகன் செருப்போடு நடந்தால் கால் மட்டும் வரும், செருப்பு அங்கேயே நிற்கும்.

ரீச்சர்: அப்ப துணியில் இருக்கிறது?

பெயின்றர்: துணியில் இருக்கிறது துணிக்கு.

ரீச்சர்: பிழிந்து பேணிக்குள் விடும்.

பெயின்றர்: என்ன?

ரீச்சர்: பிழியும் தம்பி. கூச்சப்படாதேயும். நான் முப்பது வருசம் கணிதம் படிப்பித்தனான். ஒரு துணிக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்தாலும், நீர் விடியத் தொடக்கம் நாலு துணி முடித்துவிட்டீர்.

(கதை நடப்பது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். மகன் கனடாவில். அவர் வீட்டுப் பின்பக்கம் மரப்பலகையில் ஒரு டெக், அதாவது வெளியே இருக்கிறதுக்கு ஒரு திறந்த பலகைத் தளம், இருக்கிறதாம். அதே மாதிரி ஊர் வீட்டிலும் வேணும் என்று மாமரத்தடியில் தேக்குப் பலகையில் ஒன்று அடித்தாயிற்று. முன்னால் நல்ல சீமெந்து விறாந்தை இருக்கிறது. அதில் வந்து இருக்கத்தான் ஆளில்லை.)

ரீச்சர்: சரி, துணியை விடும். நேற்று மூன்று பேணியையும் உடைத்து ஒரு வாளிக்குள் ஊற்றினீரே, அது என்னத்துக்கு? தண்ணி கலக்கிறதுக்கோ?

பெயின்றர்: இது மரத்துக்குள் ஊறுகிற எண்ணெய்ப் பெயின்ற். தண்ணி கலந்தால் உங்களுக்கே காட்டிக்கொடுக்கும். ஒரே பெயர், ஒரே நம்பர் என்றாலும் பேணிக்குப் பேணி கலர் ஒரு சொட்டு மாறும். ஒரு பேணி முடிந்து அடுத்ததை உடைத்தால், முடிந்த இடமும் தொடங்கின இடமும் தெரியும். மூன்றையும் ஒன்றாக்கினால் எல்லாப் பலகைக்கும் ஒரே கலர்.

ரீச்சர்: ஊற்றினது போதாதென்று தடியை விட்டு அரை மணித்தியாலம் கிண்டினீரே, அதுக்கும் சம்பளமோ?

பெயின்றர்: ஒடியல் கூழ் காய்ச்சுவீர்கள்தானே. கிண்டாமல் மேலாலே அள்ளினால் முதல் வந்தவனுக்கு வெறும் தண்ணி, கடைசியாக வந்தவனுக்கு நண்டு முழுக்க. பெயின்றிலும் கலர் அடியில்தான் கிடக்கும். கிண்டாமல் பூசினால் இந்தப் பக்கம் வெளிறும், அந்தப் பக்கம் கறுக்கும்.

ரீச்சர்: நண்டுக் கூழ் கேட்கிறீர் போல.

பெயின்றர்: பெயின்றுக்குத்தான் சொன்னேன் ரீச்சர்.

ரீச்சர்: பெயின்றே துணியில் போகிறது, கூழுக்கு எங்கே போக?

(போன் அடிக்கிறது. வீடியோ. ரீச்சர் டெக்கைச் சுற்றி ஒருமுறை காட்டுகிறார். போனுக்குள் இருந்து நீளமாக ஒரு குரல்.)

ரீச்சர்: தம்பி, மகன் சொல்கிறான், அந்தக் கிழக்கு மூலையில் கலர் கூடவாம். திட்டாகத் தெரிகிறதாம்.

பெயின்றர்: எது, இதுவோ?

ரீச்சர்: ஓம், அதுதான். வட்டம் வட்டமாக.

பெயின்றர்: அது மாமர நிழல் ரீச்சர்.

ரீச்சர்: (போனுக்குள்) அது நிழலாம். (கேட்டுவிட்டு) எண்டாலும் கொஞ்சம் துடைக்கட்டாம்.

பெயின்றர்: பின்னேரம் பார்க்கச் சொல்லுங்கோ, மற்ற மூலை கறுக்கும். இப்ப அங்கே என்ன நேரம்?

ரீச்சர்: சாமம் பன்னிரண்டரை.

பெயின்றர்: பாவம். நித்திரை முழித்திருந்து நிழலுக்கு மேற்பார்வை பார்க்கிறார்.

ரீச்சர்: அவன் அங்கே தன்னுடைய டெக்கைத் தானே பூசினவன். அவனுக்குத் தெரியாதோ?

பெயின்றர்: தெரியும்தான். அவரும் துடைத்தவரோ என்று ஒருக்கால் கேளுங்கோ.

(ரீச்சர் கேட்டார். பதிலை எங்களுக்குச் சொல்லவில்லை.)

ரீச்சர்: சரி, மகனைப் பற்றிக் கதைக்காமல் இந்தப் பக்கத்துக்கு வாரும். இது நிழல் இல்லை. இது உண்மையாகவே வெளிறி நிற்கிறது.

பெயின்றர்: ஓம், இது திட்டுத்தான். நான் எல்லாப் பலகையையும் 80ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால் ஒரே மாதிரித் தேய்த்துவிட்டுப் போனேன். இந்த மூலை மட்டும் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. யார் கை வைத்தது?

ரீச்சர்: நான்தான். சும்மா இருந்த நேரம் ஒரு சின்ன உதவி. அலுமாரிக்குள் 220 கிடந்தது. வடிவாக வந்ததே?

பெயின்றர்: வடிவாகத்தான் வந்தது. அவ்வளவு நைசாகத் தேய்த்தால் மரத்தின் வாய் அடைபட்டுவிடும், குடிக்காது. குடித்த இடம் கலர் பிடிக்கும், குடிக்காத இடம் வெளிறும். இனித் திரும்பவும் 80ஆல் தேய்க்க வேணும்.

ரீச்சர்: அதுக்கும் சம்பளமோ?

பெயின்றர்: உதவியைக் கழித்துவிட்டுத் தாருங்கோ.

ரீச்சர்: அதோடு இன்னொன்று. வெயில் நல்லாக எறிக்கிற நேரம் வேலை செய்தால் கெதியாகக் காயும். நீர் பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வருகிறீர். இடையில் ஆறு மணித்தியாலம். அந்த ஆறுக்கும் நான் காசு தருகிறேன்.

பெயின்றர்: பன்னிரண்டு மணிக்கு அந்தப் பலகையில் வெறுங்காலை வையுங்கோ.

ரீச்சர்: நான் ஏன் வைக்க?

பெயின்றர்: உங்களுக்குச் சுடுகிற பலகை பெயின்றுக்கும் சுடும். பிறஷ் பட்ட உடனே மேல்பக்கம் காய்ந்துவிடும், உள்ளே போகாது. பிறஷ் போன கோடெல்லாம் எலும்பு மாதிரித் தெரியும். காலமையும் பின்னேரமும்தான் பலகை சொல்வழி கேட்கும்.

ரீச்சர்: சரி, பூசின பிறகு எத்தனை நாள் காய விட வேணும்?

பெயின்றர்: இரண்டு நாளாவது கால் வைக்கக் கூடாது. அதுக்குள்ளே மழையும் படக் கூடாது. பிறகும் பாரச் சாமானை இழுக்காமல் கொஞ்ச நாள் பொறுங்கோ.

ரீச்சர்: இரண்டு நாளோ! எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை தம்பி.

பெயின்றர்: ஒழுங்கைப் பக்கத்து எல்லை வழக்கு எத்தனை வருசமாக நடக்கிறது ரீச்சர்?

ரீச்சர்: அது நீதி சம்பந்தப்பட்டது.

பெயின்றர்: இது ஈரம் சம்பந்தப்பட்டது.

(இதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பிறஷ் சத்தம் மட்டும். பெயின்றர் ஒரு பலகையை எடுத்தால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில்தான் தலை நிமிர்த்துகிறார். ரீச்சர் குசினிக்குள் போய்வருகிறார்.)

ரீச்சர்: தம்பி, தேத்தண்ணி ஆறுகிறது. வாரும்.

பெயின்றர்: இந்தப் பலகை முடியட்டும்.

ரீச்சர்: பாதியில் விட்டால் ஓடியா போகும்?

பெயின்றர்: ஓடாது. விட்ட இடத்தில் ஒரு கோடு நிற்கும். காய்ந்த ஓரத்துக்கு மேலே திரும்பப் பூசினால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு. ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுவை விழ வேணும்.

ரீச்சர்: நல்ல சாட்டு. எங்கட வீட்டில் குடிக்க மாட்டீரோ?

பெயின்றர்: நான் குடிப்பேன். எங்கட அப்பா இந்த வீட்டு ஜன்னல் எல்லாத்துக்கும் பெயின்ற் அடித்தவர். அவருக்கும் தேத்தண்ணி வரும், கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிற தனிக் கிளாசில். குடித்துவிட்டுக் கழுவி, அங்கேயே கவிழ்த்துவிட்டு வர வேணும். எனக்கு எதில் கொண்டுவந்திருக்கிறீர்கள்?

(தட்டில் இருந்தது பூப்போட்ட நல்ல பீங்கான் கோப்பைதான். அதையும் சொல்ல வேணும். ஆனால் ரீச்சர் வாயைத் திறக்கவில்லை. பெயின்றர் பலகையை முடித்து, கையைத் துடைத்து, வந்து குடித்தார். கோப்பையைக் கழுவவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ரீச்சர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பி வந்து கேட்டது இது.)

ரீச்சர்: துணி எத்தனை ஆயிற்று?

பெயின்றர்: எனக்குத் தெரியாது. இந்த மூலையில் ஏழெட்டுப் போட்டிருந்தேன். காணவில்லையே?

ரீச்சர்: பதினொன்று. நான் எடுத்து வைத்திருக்கிறேன். மகன் வந்தால் காட்ட வேணும். எவ்வளவு பெயின்ற் வீணாய்ப் போனது என்று அவன் கண்ணால் பார்க்கட்டும்.

பெயின்றர்: எங்கே வைத்தீர்கள்?

ரீச்சர்: பத்திரமாகத்தான். ஒரு பொலித்தீன் பையில் அமத்திக் கட்டி, விறகுக் கொட்டிலுக்குள்.

பெயின்றர்: ஐயோ ரீச்சர்.

ரீச்சர்: ஏன் ஓடுகிறீர்? நான் ஒன்றும் திருடவில்லை!

(கொட்டிலுக்குள் பொச்சுமட்டை, ஊமல், போன வருசத்துக் கிடுகு, அதுக்கு மேலே அந்தப் பை. பெயின்றர் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மண்ணில் கொட்டினார்.)

பெயின்றர்: தொட்டுப் பாருங்கோ.

ரீச்சர்: சுடுகிறதே! யார் வெயிலில் வைத்தது?

பெயின்றர்: ஒருவரும் வைக்கவில்லை. இந்தப் பெயின்றில் லின்சீட் எண்ணெய், அதுதான் ஆளிவிதை எண்ணெய், இருக்கிறது. அது காயும்போது காற்றை இழுத்துச் சூடு விடும். பலகையில் என்றால் அந்தச் சூடு பறந்துபோகும். துணியைக் குவித்தால் வெளியே போக வழியில்லை. ஏறி ஏறி, நெருப்புப் பெட்டி இல்லாமலே பற்றும். அதுதான் நான் வேலை முடியத் தண்ணி வாளிக்குள் போடுகிறது, இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுகிறது.

ரீச்சர்: பிழிந்திருந்தால் பற்றாதுதானே?

பெயின்றர்: ரீச்சர்!

ரீச்சர்: இல்லை, ஒரு கணக்குக்குத்தான் கேட்டேன்.

(துணி பதினொன்றும் தண்ணிக்குள் போயின. ரீச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார்.)

ரீச்சர்: சரி, போனது போகட்டும். இனி மேலே ஒரு வாணிஷ் அடித்து மினுமினுவென்று விடும். சாமியறைக் கதவு மாதிரி இருக்க வேணும்.

பெயின்றர்: சாமியறைக் கதவில் மழை பெய்யாது, வெயிலும் எறிக்காது. வாணிஷ் பலகைக்கு மேலே ஒரு தோலாக நிற்கும். வெளியே வைத்தால் தோல் வெடிக்கும், இடுக்கால் தண்ணி போகும், பிறகு செதில் செதிலாய்க் கழரும். அப்பதான் நீங்கள் உண்மையான திட்டைக் காண்பீர்கள். எண்ணெய் உள்ளே போகிறது, உரிய ஒன்றுமில்லை. மங்கினால் கழுவி, காயவிட்டு, இன்னொரு தரம் பூசலாம்.

ரீச்சர்: பூசித் துடைக்கலாம் என்று சொல்லும்.

பெயின்றர்: பூசித் துடைக்கலாம்.

ரீச்சர்: நல்லது. கொடியேற்றத்துக்குத்தான் மகன் வருகிறான். அதுவரைக்கும் இந்தக் கலர் போகாமல் இருக்க வேணும். வெயில் படக் கூடாது, மாவிலை விழக் கூடாது, காகம் எச்சம் போடக் கூடாது. நான் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன்.

பெயின்றர்: என்ன வழி?

ரீச்சர்: தறப்பாள். முழு டெக்குக்கும் மேலே விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிடுவேன்.

பெயின்றர்: ஈரம் உள்ளே பிடிபட்டு வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். சரி, மகன் வந்த பிறகாவது எடுப்பீர்கள்தானே?

ரீச்சர்: அவன் வந்தால் பிள்ளைகளும் வரும். சாப்பாட்டைக் கொட்டும், சைக்கிள் ஓடும். எடுத்தால் பழுதாய்ப் போகாதோ? முன் ஹோலில் செற்றி வாங்கி ஆறு வருசம், அதின் பொலித்தீனையே நான் இன்னும் கழற்றவில்லை.

பெயின்றர்: அப்ப இந்தப் பலகையை ஆரும் காணப் போவதில்லை.

ரீச்சர்: ஆனால் கீழே இருக்கும்தானே.

பெயின்றர்: அப்படியென்றால் அந்தத் தறப்பாளைக் கொண்டுவாருங்கோ. அதுக்கும் ஒரு கலர் சொல்லுங்கோ, திட்டில்லாமல் பூசித் தருகிறேன்.

ரீச்சர்: தறப்பாள் ஏற்கெனவே நீலம் தம்பி. ஏன், பூசுவதென்றால் எத்தனை லீற்றர் பிடிக்கும்?