நத்தார் மேசையில் அம்மாவின் தட்டு

ஒவ்வொரு மார்கழியும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "சைவம் என்றால் சைவத்தைச் சாப்பிடுங்கோ. பிறகு எதுக்கு இறைச்சி மாதிரி ஒன்று, சீஸ் மாதிரி ஒன்று?" இந்த முறை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே கேட்டுவிட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். நான் பிறந்த வீடு சைவம். கணவர் வீட்டார் வேதக்காரர். நத்தார் அன்று, அதுதான் கிறிஸ்மஸ், மாமி வீட்டில் முப்பது பேராவது கூடுவோம். கறித்தூளும் தேசிக்காய்ப் புளியும் உள்ளியும் அரைத்துப் பூசி, வான்கோழியை முதல் நாளே ஊறவைத்துவிடுவார் மாமி. நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கமாட்டார், விடிய எழும்பி அதை அவணில் வைப்பார். கனடாக்காரருடைய கிறிஸ்மஸ் வான்கோழியை யாழ்ப்பாணத்துக்கு இழுத்து வந்தவர் அவர். அந்தக் கைப்பக்குவத்தில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

என் அம்மா பிறந்ததிலிருந்து மச்சம் வாயில் வைக்காதவர். எங்களோடு வந்து சேர்ந்த பிறகு, முதல் ஐந்து நத்தாருக்கும் அவருடைய தட்டில் இருந்தது அவித்த உருளைக்கிழங்கு, சலாது, இரண்டு துண்டுப் பாண். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை பேருக்குச் சமைக்கிற வீட்டில் ஒருவருக்கென்று என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் "எனக்கு இது காணும்" என்றுவிடுவார். மாமா வான்கோழியை வெட்டத் தொடங்கியதும் எல்லோரும் எழும்பித் தட்டை நீட்டுவார்கள், பிள்ளைகள் வான்கோழிக் காலுக்கு அடிபடுவார்கள், ஒரே சிரிப்பாக இருக்கும். அம்மா மட்டும் இருந்த இடத்திலேயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனதில் தைத்தது அந்தக் காட்சிதான். இரவு வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சோறு சாப்பிடுவார். வயிறு நிறைந்துவிடும். ஆனால் பந்தியில் இருந்தும் பந்தியில் இல்லாமல் போனதற்கு ரசத்தால் என்ன செய்ய முடியும்?

பண்டிகைச் சாப்பாட்டில் நடுவில் ஒன்று இருக்க வேண்டும். அதை எல்லோர் முன்னாலும் வெட்ட வேண்டும், எல்லோரும் அதற்குத் தட்டு நீட்ட வேண்டும். சோயா, கோதுமை, பட்டாணி என்று தாவரத்தில் இறைச்சி மாதிரிச் செய்கிற தாவர இறைச்சிக்கு நத்தார் மேசையில் உள்ள வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சேத் டிபட் என்பவர் 1980இல் டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாவைச் செய்து விற்கத் தொடங்கினார். மரத்தின் மேல் கட்டிய வீட்டில் ஏழு வருடம் வாழ்ந்து, வருமானம் இல்லாமல் தொழிலைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். 1995இல் தாங்ஸ்கிவிங் பண்டிகைக்கு அவர் கொண்டுவந்ததுதான் டோஃபர்கி. உள்ளே பூரணம் வைத்த, துண்டு துண்டாக வெட்டக்கூடிய ஒரு சோயா உருண்டை. அதன் ருசியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் அதை வெட்டலாம், பகிரலாம். அதனால்தான் முப்பது வருடமாக அது நிலைத்திருக்கிறது.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

2021 நத்தாருக்கு, கடையில் உறைந்த ரோஸ்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியில் 'மீட்லெஸ்' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை இலையும் போட்டிருந்தது. மாமா அதை வெட்ட, அம்மா முதல் தடவையாக எழும்பி வந்து தட்டை நீட்டினார். இரண்டு துண்டு சாப்பிட்டார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மகள் குப்பையில் கிடந்த பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில முட்டை வெள்ளைக்கரு இருக்கு" என்றாள். அது அம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. ஒரு சொல் சொல்லவில்லை. எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தார். அன்றிரவு வீட்டில் ரசமும் வைக்கவில்லை.

பெட்டியில் எல்லாம் ஒழுங்காக எழுதித்தான் இருந்தது. படிக்காதது நான். இறைச்சி இல்லை என்றால் முட்டை இல்லை, பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. வெஜிடேரியன் என்ற சொல் இங்கே முட்டையையும் சேர்த்துக்கொள்ளும். சைவக்காரருக்கு வாங்குகிறவர்கள் தயவு செய்து பெட்டியின் பின்பக்கத்தை முழுக்கப் படியுங்கள். வீகன் என்று போட்டிருந்தால் முட்டையும் பாலும் இருக்காது, அது பாதுகாப்பு. ஆனால் வெங்காயம், உள்ளி சேர்க்காதவர்கள் அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த வருடம் மகள் பொறுப்பெடுத்தாள். அவள் பதினைந்து வயதில் வீகன் ஆனவள். பட்டாணிப் புரதத்தில் செய்த அரைத்த இறைச்சியை வாங்கி, உருண்டை பிடித்துப் பொரித்தாள். முட்டை இல்லை, பால் இல்லை, எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா ஒரு உருண்டையைப் பிட்டார். உள்ளே சிவப்பாக இருந்தது, ஓரத்தில் சாறு கசிந்தது. பீட்ரூட் சாறுதான்.

"பிள்ளை, இது இரத்தம் மாதிரிக் கிடக்கு. எனக்கு வேண்டாம்."

அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்தப் புதிய வகைகள் அம்மாவை நினைத்துச் செய்தவையே அல்ல. இம்பாசிபிள் பர்கர் என்ற தாவர பர்கரில் இரத்தத்தின் வாசனைக்காக ஹீம் என்ற பொருள் உள்ள ஒரு புரதத்தைச் சேர்க்கிறார்கள். சோயாச் செடியின் வேர் முடிச்சில் இருக்கும் புரதம் அது, அதை மரபணு மாற்றிய ஈஸ்டை வைத்துத் தயாரிக்கிறார்கள். இவ்வளவு பாடும் இறைச்சி சாப்பிடுகிறவரை அதிலிருந்து திருப்புவதற்கு. எழுபது வருடம் அந்த வாசனையே அறியாத ஒருவரின் தட்டில் அதைக் கொண்டுபோய் வைப்பது நல்ல எண்ணத்தில் செய்கிற கொடுமை.

அதே உருண்டையை மாமா ஆறு சாப்பிட்டார்! அவருக்கு இரத்தத்தில் கொழுப்புக் கூட, மாட்டிறைச்சியைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். மகளும் ருசித்துத்தான் சாப்பிட்டாள். மிருகங்களுக்காக விட்டாளே தவிர, ருசி பிடிக்காமல் விடவில்லை. ஆகவே "எதுக்கு இறைச்சி மாதிரி ஒன்று?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அது அம்மாவுக்கு இல்லை, மாமாவுக்கும் மகளுக்கும். கேட்க வேண்டிய கேள்வி, இன்றைக்கு என் மேசையில் இருக்கப் போகிறவர் யார் என்பதுதான்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டு வாரம் தாவர இறைச்சி, எட்டு வாரம் மிருக இறைச்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். தாவர இறைச்சி சாப்பிட்ட வாரங்களில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தாவர இறைச்சி செய்து விற்கிற பியாண்ட் மீட் கம்பெனி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பச்சை இறைச்சியோடு பார்த்தால் இவற்றில் உப்பு நன்றாகக் கூட. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலே உப்பு தூவாமல் சமைக்க வேண்டும். தினமும் சாப்பிடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நத்தார் வருடத்தில் ஒருநாள்.

பெயர்ச் சண்டை ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாவரப் பொருளுக்குப் பால், சீஸ் என்று பெயர் வைத்து விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. 2025 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பர்கர், சாசேஜ் என்ற சொற்களையும் இறைச்சிக்கு மட்டும் ஒதுக்க வாக்களித்தது. எனக்கு இது விளங்கவே இல்லை. நாங்கள் எத்தனை தலைமுறையாகத் தேங்காய்ப்பால் என்று சொல்லி வருகிறோம், பசுப்பால் என்று நினைத்து ஏமாந்தவர் யாராவது உண்டா? அங்கேயும் தேங்காய்ப்பாலுக்கு விதிவிலக்குக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் காய்கறிக்கே பெயர் மரக்கறி. கறி என்ற சொல்லைச் சிலர் இறைச்சிக்கு வைத்துக்கொள்கிறார்கள், சிலர் வாழைக்காய்க்கு வைத்துக்கொள்கிறார்கள், நாங்கள் பருப்புக்கும் சொல்கிறோம். சண்டை இல்லை. இலங்கையில் சோயா மீட் போடாத விடுதிச் சாப்பாடு உண்டா? அதைச் சாப்பிட்டவர்கள் யாரும் இறைச்சி சாப்பிட்டதாக நினைக்கவில்லை. ஆனால் ஒன்று: பெயர் எதுவானாலும் இருக்கட்டும், சாப்பிடுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். "சொல்லாமல் கொடுத்துப் பார்ப்போம், கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம்" என்று சிலர் விளையாடுகிறார்கள். சைவக்காரரை ஏமாற்றி இறைச்சி ஊட்டுவது எவ்வளவு பிழையோ, இறைச்சிக்காரரை ஏமாற்றி இதை ஊட்டுவதும் அவ்வளவு பிழை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கலாம், சோயா ஒத்துக்கொள்ளாதவர் இருக்கலாம். அது உயிர் விஷயம்.

சீஸ் கதை வேறு. முட்டைப் பிழைக்குப் பிறகு நான் வீட்டில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் திருப்பிப் பார்த்தேன். இத்தாலியின் அசல் பார்மஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குப் பால், உப்பு, பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கிற ரென்னெட், இந்த மூன்றும்தான் சேர்ப்பார்கள். ரென்னெட் இல்லாமல் அதற்கு அந்தப் பெயரே கிடையாது. அதை அம்மா இரண்டு வருடமாகப் பாஸ்டாவில் தூவிச் சாப்பிட்டிருக்கிறார், பால் பொருள்தானே என்று. கணவர் "சொல்லாமல் விடும்" என்றார். நான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி நீ பார்த்து வாங்கு" என்றார். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த சீஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சைவக்காரருக்கு அது போதும்.

பாலே வேண்டாம் என்கிற மகளுக்குத்தான் தாவர சீஸ். கடையில் கிடைக்கிற பெரும்பாலானவை தேங்காய் எண்ணெயும் மாப்பொருளும். உருகும், ஆனால் இழுபடாது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம்தான் சீஸை நூல் நூலாக இழுக்க வைக்கிறது, அது இதில் இல்லை. புரதமும் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அதைச் சத்துக்கு நம்பக்கூடாது. மக்ரோனிக்கு மேல் போட்டு அவணில் வைத்தால் பரவாயில்லை. தனியாக வெட்டித் தட்டில் வைத்தால் மெழுகு மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

கஜுவில், அதுதான் முந்திரிப் பருப்பில், செய்கிற சீஸ் அப்படி இல்லை. ஜப்பானில் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்கிற மியோகோ ஷின்னர் அதைப் பெயர்பெற வைத்தவர். கஜுவை இரவு முழுக்க ஊறவைத்து, மையாக அரைத்து, நல்ல பக்டீரியா சேர்த்துப் புளிக்க விட வேண்டும். குளிர்காலத்தில் தோசை மாப் புளிக்க அவணில் லைட்டை மட்டும் போட்டு வைப்போமே, அதே இடம், அதே முறை. ஒன்றரை நாளில் புளிப்பு ஏறிவிடும். உப்புப் போட்டுத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் இறுகும். நான் மேலே இடித்த மிளகு உருட்டுவேன். மாமி அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டுவிட்டு, "சீஸ் மாதிரி இல்லைப் பிள்ளை, ஆனா நல்லாயிருக்கு" என்றார். அதைவிட வேறு பாராட்டு எனக்கு வேண்டாம்.

2023இல் நத்தார் திருவெம்பாவை விரத நாட்களுக்குள் வந்தது. திருவாதிரை 27ஆம் தேதி. அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இந்த முறை நான் வரேல்லைப் பிள்ளை. மச்சம் அவிக்கிற வீட்டில எப்படி வாய் நனைக்கிறது?" நான் வற்புறுத்தவில்லை. மாமிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவவைக் கூட்டிக்கொண்டு வா, நான் பார்க்கிறன்" என்றார்.

இந்த முறை ரோஸ்டை நானே செய்தேன், எங்கள் வீட்டில், சைவச் சட்டியில். கோதுமைப் புரத மாவை, அதுதான் குளூட்டன் மாவை, சீனக் கடையில் வாங்கினேன். கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி எடுக்கும் இந்தப் பசையில் சீனத்துப் பௌத்த மடங்களில் நூற்றாண்டுகளாகச் சமைத்து வருகிறார்கள். கடலை மா, தேங்காய்ப்பால், பெருஞ்சீரகம், கறுவா, கறித்தூள் சேர்த்துப் பிசைந்தால், பரோட்டா மா மாதிரி இழுத்த பக்கம் போகாமல் திரும்பி வரும். நடுவில் பிஞ்சுப் பலாக்காயை உதிர்த்து வதக்கி வைத்துச் சுருட்டினேன். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, இடியப்பம் அவிக்கிற பானையில் ஒரு மணி நேரம் அவித்தேன். பிறகு தாளைப் பிரித்துக் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயும் பூசி, அவணில் வைத்து மொறுகவிட்டேன். சிவப்புச் சாறு இல்லை, இரத்த வாசனை இல்லை. அது எந்த மிருகத்தையும் போல இருக்கவில்லை. ஆனால் மாமியின் வான்கோழிக்கு நான் கொடுக்கிற அதே மரியாதையை அதற்கும் கொடுத்திருந்தேன்.

மாமி வீட்டுக்குப் போனபோது மேசையில் இரண்டு இடம் விரித்திருந்தது. ஒரு பக்கம் வான்கோழி. மற்றப் பக்கம் புதிய வெள்ளைத் துணி, புதிய மரப்பலகை, ஒரு புதிய கத்தி. விலைச் சீட்டின் பாதி இன்னும் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா பழக்கதோஷத்தில் வான்கோழி வெட்டிய கத்தியோடு இந்தப் பக்கம் திரும்ப, மாமி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் புதுக் கத்தியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, இதை நீங்கள்தான் வெட்ட வேணும்."

அம்மா எழும்பி வந்து வெட்டினார். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசித் துண்டை அம்மா மாமியின் தட்டில் வைத்தார். அந்தக் கத்தி இப்போது மாமி வீட்டில்தான் இருக்கிறது, சிவப்புத் துணியில் சுற்றி, மேல் தட்டில், தனியாக.