எல்சா கிண்ட்லரின் கடிதங்களை நறுக்காதீர்கள்

எல்சா கிண்ட்லர் பெயரைப் போட்டு, பின்னால் ஒரு சூரிய உதயத்தை வைத்து, மூச்சைப் பற்றி இரண்டு வரி எழுதிய படம் ஒன்று மறுபடியும் என் கண்ணில் பட்டது. கீழே 'ஒரு கடிதத்திலிருந்து' என்று மட்டும் போட்டிருந்தார்கள். யாருக்கு எழுதிய கடிதம், எந்த வருஷம், அந்த மாணவி என்ன கேட்டதற்கு இந்தப் பதில், எதுவும் இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்த அம்மாவின் வாழ்நாள் உழைப்புக்கே எதிரான காரியம் என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கிண்ட்லரைத் தெரியாதவர்களுக்கு: 1885-ல் பெர்லினில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஹேட கால்மையர் என்ற ஆசிரியையிடம் அந்தக் காலத்து உடற்பயிற்சி முறையைக் கற்று, தானும் ஆசிரியை ஆனார். இளவயதில் அவருக்குக் காசநோய். மலை வாசஸ்தலத்துக்குப் போய்த் தங்கி குணப்படுத்திக்கொள்ள வேண்டிய நோய், கையில் அதற்குக் காசு இல்லை. தன் மூச்சு எங்கே போகிறது, எங்கே போகாமல் இருக்கிறது என்று நாள் முழுக்கக் கவனித்துக் கவனித்து, நோய் பிடித்த பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கப் பழகித் தேறி வந்தார் என்பது மாணவிகள் வழியாக வந்த கதை. சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும், அதனால் மருத்துவ அதிசயமாக இதைப் பரப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிற்பாடு அவர் கற்றுக்கொடுத்த விதம் இந்தக் கதையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஏனென்றால் அவர் பயிற்சி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1926-ல், வேலைக்குப் போகிறவர்களின் உடற்பயிற்சி பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார், வாழ்நாளில் அச்சில் வந்த அவருடைய எழுத்து என்றால் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். குறிப்பிட்ட அசைவுகளைக் கற்பிப்பது என் நோக்கமே இல்லை, ஒருவர் தன்னிடம் முழுக் கவனத்தோடு இருக்க முடிவதுதான் நோக்கம் என்று அதில் சொல்லிவிடுகிறார். மாணவர்கள் ஒரு பயிற்சியை மனப்பாடம் செய்துவிடக் கூடாது, அவர்களுடைய அறிவு வளர அது ஒரு வழி, அவ்வளவுதான் என்கிறார். உட்காருவது, எழுவது, தரையில் படுத்திருப்பது, நடப்பது, இவைதான் பாடம். 'முதுகை நேராக வை' என்று கட்டளை கிடையாது, உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று நீயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே அறையில் ஒருவருடைய வேலை பக்கத்தில் இருப்பவருடைய வேலையாக இருக்காது. பல வருஷ முதுகுவலிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒருவர் கேட்டால் முதலில் எரிச்சல்தான் வரும். 'என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சுட்டுப் போறேன்' என்றுதான் நமக்குத் தோன்றும்.

சரி, இப்படிக் கற்றுக்கொடுத்த ஒருவரின் பாடம் எங்கே மிஞ்சும்? நடனம் அமைத்தவருக்கு நடனம் மிஞ்சும். பயிற்சி முறை வகுத்தவருக்கு அட்டவணையும் படங்களும் மிஞ்சும். கிண்ட்லரிடம் இருந்தவை அவருடைய குறிப்புகளும், புகைப்படங்களும், வகுப்பைப் பற்றிய தாள்களும்தான். 1945-ல், போர் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது, பெர்லினில் அவருடைய பயிற்சிக்கூடம் எரிந்தது, அவையும் சேர்ந்து எரிந்தன. அந்த ஜூனில் அவருக்கு 60 வயது. நாஜி ஆட்சி நடந்த அத்தனை வருஷமும் அதே ஊரில் இருந்து, யூத மாணவர்களைக் கைவிடாமல், ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கு உதவிக்கொண்டு, குண்டு விழும் இரவுகளில் உடம்பு எப்படித் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள முடியும் என்று வகுப்பெடுத்துக்கொண்டு இருந்தவர். எல்லாம் போன பிறகு மறுபடி வகுப்பு ஆரம்பித்தார், 1961-ல் இறந்தார். தன் வேலையை விளக்கி ஒரு புத்தகம் எழுதவே இல்லை.

அவரிடமிருந்தது எரிந்துவிட்டது. மிஞ்சியவை மற்றவர்களிடம் இருந்தவைதான், அந்த மற்றவர்களில், அதாவது அவருடைய மாணவர்களிலும் கூட வேலை செய்தவர்களிலும், பாதிப்பேர் ஜெர்மனியை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். டாக்டர் லிலி எரன்ஃப்ரீட் 1933-லேயே பாரிஸுக்குப் போய்விட்டார். லோட்ட கிரிஸ்டெல்லர் பாலஸ்தீனத்துக்கு. ஷார்லட் செல்வர் 1938-ல் நியூயார்க்குக்கு, கரோலா ஸ்பிட்ஸ் 1940-ல் அதே ஊருக்கு. நடனக்காரரான கெர்ட்ரூட் ஹெல்லர் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹாலில் இருந்துவிட்டு ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் ஊரின் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு வேலை செய்தார். கிண்ட்லரோடு சேர்ந்து வகுப்பு நடத்திய இசைக்காரர் ஹைன்ரிஷ் யாக்கோபி யூதர், அவர் சூரிக்கில். குழந்தைகளோடு வேலை செய்த எல்ஃப்ரீட ஹெங்ஸ்டன்பெர்க்கும், பின்னாளில் எஞ்சிய தாள்களையெல்லாம் காத்த சோஃபி லுட்விக்கும் பெர்லின்காரர்கள்.

இப்படிச் சிதறியவர்களுக்கு நடுவில் தபால்தான் வகுப்பறை. அதுவும் எப்பேர்ப்பட்ட தபால்! போர்க்காலத்தில் தணிக்கை, பிறகு எதிரி நாடுகளுக்கு நடுவே கடிதமே போகாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்களுக்குள் ஒரு செய்தி அனுப்பலாம், அதுவும் குடும்ப நலம் பற்றி மட்டும். ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் சாதாரணத் தபால் 1946-ல்தான் திரும்ப ஓட ஆரம்பித்தது. இந்த வருஷங்களை மனதில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்: ஒரு கடிதத்தின் தேதிதான் அதன் பாதி அர்த்தம். 'மூச்சுக்கு இடம் கொடு' என்ற மாதிரி ஒரு வரி 1932-ல் எழுதப்பட்டதா, இடிந்துபோன பெர்லினில் நிலக்கரி கிடைக்காத ஒரு குளிர்காலத்தில் எழுதப்பட்டதா என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?

இப்போது ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். முறை வகுக்க மாட்டேன், புத்தகம் எழுத மாட்டேன் என்று இருந்தவருடைய கடிதங்களை எடுத்துப் படிப்பதே அவர் விருப்பத்துக்கு விரோதமில்லையா? நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். விரோதம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது, சொல்லப்போனால் அவர் வேலைக்கு மிகவும் பொருந்திய எழுத்து வடிவமே கடிதம்தான். புத்தகம் எல்லா முதுகுகளையும் பார்த்துப் பேசும். கடிதம் ஒரே ஒரு முதுகைப் பார்த்துப் பேசும். இந்த மாணவியின் தோள், இந்த மாணவி புதிய ஊரில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, அரைகுறை ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கத் திணறுவது, அதற்கு மட்டுமான பதில். அதே பதில் இன்னொருத்திக்குத் தப்பாகக்கூட இருக்கலாம், அவருடைய வகுப்பறையிலும் அப்படித்தானே இருந்தது. டாக்டர் ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை ஊரெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் இருக்கிறது, பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டு வரியை மட்டும் பரப்புவது.

அதனால்தான் மாணவிகளின் கடிதங்களும் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். ஆசிரியரின் கடிதம் பொக்கிஷம், மாணவியின் கடிதம் வெறும் காகிதம் என்று நினைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் இந்தத் துறையின் பெரிய சேதம். நவீன நடனத்தில் பார்த்தால், டிரெஸ்டனில் 1920-ல் பள்ளி தொடங்கிய மேரி விக்மன் தன் மாணவி ஹான்யா ஹோல்முக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. புத்தகம் விக்மனின் கடிதங்களுக்கானது, ஹோல்ம் கேட்டது என்ன, சொன்னது என்ன என்பதை நாம் விக்மனின் பதில்களிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும். ஹோல்ம் 1931-ல் நியூயார்க்கில் விக்மன் பெயரிலேயே பள்ளி நடத்த ஆரம்பித்தவர். ஜெர்மனியில் நாஜி ஆட்சி, அமெரிக்காவில் அதற்கு எதிர்ப்பு, பள்ளியின் பெயரே பாரமாகி, 1936-ல் அது ஹான்யா ஹோல்ம் பள்ளி ஆனது. அதே வருஷம் விக்மன் பெர்லின் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு நடனம் அமைத்தார். ஒரு ஆசிரியைக்கும் மாணவிக்கும் நடுவே இதைவிடக் கனமான தருணம் இருக்க முடியுமா? அங்கே மாணவியின் குரலை நேரடியாகக் கேட்க முடியாதது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கிண்ட்லர் வட்டத்தில் என்னை மிகவும் பாதிப்பது கிளேர் ஃபெனிஹெல். ஆரம்பகால மாணவிகளில் ஒருவர். அவருடைய கணவர் ஓட்டோ ஃபெனிஹெல் பெயர்பெற்ற உளப்பகுப்பாய்வாளர். ஹிட்லர் வந்த பிறகு அவர்கள் நார்வே, பிராக், கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் என்று அலைந்தார்கள். அந்த அலைச்சலில் ஓட்டோ தன் இடதுசாரி நண்பர்களுக்கு ரகசியச் சுற்றறிக்கைக் கடிதங்கள் எழுதினார், 1934 முதல் 1945 வரை 119 கடிதங்கள். அவை பாதுகாக்கப்பட்டு, பதிப்பிக்கப்பட்டு, 1998-ல் அச்சில் வந்தன, இன்று அறிஞர்கள் எண் போட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல விஷயம், அப்படித்தான் செய்ய வேண்டும். அதே அலைச்சலைப் பட்டு, லாஸ் ஏஞ்சலஸில் பல வருஷம் மனிதர்களுக்கு உடம்பைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்த கிளேருடைய பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சிந்தனை பற்றிய கடிதம் என்றால் ஆவணம், உடம்பு பற்றிய கடிதம் என்றால் பெண்களின் குசலம். இந்தப் பாகுபாட்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூக்கம் வரவில்லை, கால் வீங்குகிறது, வாடகை கட்ட முடியவில்லை, இன்று வகுப்பில் ஒருவர் முதல் தடவையாகத் தோளைத் தளர விட்டார் என்று எழுதுவதும் சிந்தனைதான். இவர்கள் துறையில் அதுதான் சிந்தனை.

பெயர் வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். உளப்பகுப்பாய்வாளர்களான எரிக் ஃப்ராம், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், இருவரும் நியூயார்க்கில் செல்வரிடம் பாடம் எடுத்தவர்கள். அசைவு வழியாக உடம்பைக் கவனிக்கக் கற்பிக்கும் முறையைத் தன் பெயரிலேயே உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் யாக்கோபியிடம் போனவர். 1963 முதல் கலிஃபோர்னியாவின் எசலன் பயிற்சி மையத்தில் செல்வர் வகுப்பெடுத்தார், அங்கிருந்து கிளம்பிய எத்தனையோ சிகிச்சை முறைகளில் கிண்ட்லரின் தடம் இருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் அறியப்பட்டார்கள், எழுதாத கிண்ட்லர் அடிக்குறிப்பில் நின்றார். யார் யாரிடமிருந்து எதைக் கற்றார், எங்கே முரண்பட்டார், எங்கே ஆசிரியை 'நீ செய்வது என் வேலை இல்லை' என்ற எல்லைக்கு வந்தார் என்பதையெல்லாம் நிரூபிக்கக் கடிதங்களை விட்டால் வேறு சாட்சியே இல்லை.

சோஃபி லுட்விக்குக்கு இதில் நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. எரிந்த பிறகு எஞ்சியதை, மாணவர்களிடம் கிடந்த குறிப்புகளை, பல பத்தாண்டுகள் சேர்த்தார். யாக்கோபி, கிண்ட்லர் இருவர் பெயரிலும் பெர்லினில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது, கிண்ட்லரின் வாழ்க்கையைப் பற்றி லுட்விக் திரட்டியது அவர் இறந்த பிறகு 2002-ல் நூலாக வந்தது. இது இல்லையென்றால் இன்று எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

அந்தரங்கம் என்ற தடையையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவிகள் தங்கள் நோயை, மனமுறிவை, வெளியே சொல்லாத பயத்தை ஆசிரியைக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் குழந்தைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் வலையில் ஏற்றுவது அநியாயம். ஆனால் அதற்கு வழி இருக்கிறது: பெயரை மறையுங்கள், இத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று பூட்டுங்கள், ஆவணக் காப்பகத்துக்கு வந்து படிப்பவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். உடம்பு சம்பந்தப்பட்ட வரிகளை 'சொந்த விஷயம்' என்று வெட்டி எறிந்துவிட்டுத் தத்துவ வரிகளை மட்டும் அச்சிடாதீர்கள். அந்த 'சொந்த விஷயம்'தான் கிண்ட்லரின் பாடமே.

ஷார்லட் செல்வர் 102 வயது வரை, 2003 வரை இருந்தார், கடைசிக் காலம் வரை பாடம் நடத்தினார். அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளிலும் கடிதங்கள் இருக்கும். அவர்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: உறையோடு வையுங்கள், தபால் முத்திரையைக் கிழிக்காதீர்கள், நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தால் ஆசிரியையின் பதிலோடு சேர்த்து வையுங்கள், 'என்னுடையது எதற்கு' என்று மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், அந்தச் சூரிய உதயப் படத்தைப் போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.