லட்சுமிகாந்தனை வாங்கிப் படித்தவர்கள்

அந்தக் காலத்துப் பாட்டு நாயகர் தியாகராஜ பாகவதர் பேச்சு எடுத்தால் போதும், நம் கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்கள் லட்சுமிகாந்தன் கொலை வழக்குக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். "மஞ்சள் பத்திரிகைக்காரன் ஒருத்தன் கண்டபடி எழுதினான், யாரோ குத்திட்டாங்க, பழி பாகவதர் தலையில விழுந்துச்சு." கூடவே கட்டாயம் இன்னொன்றும் வரும்: "அவனுக்கு வேணும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

சி.என். லட்சுமிகாந்தன் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே மோசடி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர். 1943இல் சென்னையில் 'சினிமா தூது' தொடங்கினார். எந்த நடிகை யாரோடு, எந்த நடிகர் எங்கே என்று வாராவாரம் எழுதினார். எழுதாமல் இருப்பதற்காகவும் பலர் பணம் கொடுத்தார்கள். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் உரிமத்தை ரத்துசெய்ய வைத்தார்கள். மனிதர் அடங்கவில்லை, 'இந்து நேசன்' என்ற பெயரில் திரும்பி வந்தார். 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

குத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. மனுக் கொடுத்த மூவரும் வழக்கில் மாட்டினார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்து, 1947 ஏப்ரலில்தான் வெளியே வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. அந்த நாட்களில் சென்னை பிராட்வே தியேட்டரில் பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம் மூன்று தீபாவளி பார்த்தது. நாயகன் கம்பிக்குப் பின்னால், ஜனம் டிக்கெட் வரிசையில். வெளியே வந்த பிறகு பாகவதருக்குப் பழைய நாட்கள் திரும்பவே இல்லை. 1959இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கதையில் எல்லோரையும் கூண்டில் ஏற்றிவிட்டோம். காசு கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்கினவர்களை மட்டும் யாரும் பேசுவதில்லை. 'சினிமா தூது' சூடாக விற்றது. 'சீ, கருமம்' என்று சொன்ன வீடுகளுக்குள்ளும் அது போயிருக்கும். விற்காவிட்டால் லட்சுமிகாந்தன் எழுத்துக்கு யார் பயந்திருப்பார்கள்? வாய்மூடப் பணம் யார் கொடுத்திருப்பார்கள்? அவர் கையில் இருந்த பலம் வாசகர் கொடுத்த பலம். அதனால்தான் 'அவனுக்கு வேணும்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனைக் குத்திக் கொன்றது எந்தக் கணக்கிலும் நியாயம் கிடையாது. அவர் எழுத்தை ரசித்தவர்கள் அவர் சாவையும் ரசிப்பது அதைவிட மோசம்.

நான் இதை எழுதக் காரணம் 1944 இல்லை. கோலாலம்பூரில் உள்ளூர் நாடகங்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் ஒப்பனை செய்வது என் தொழில். கிசுகிசு வந்து விழும் இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

பெயர் போடாமல் குறிப்பு மட்டும் கொடுத்து எழுதுவது தமிழ்க் கிசுகிசுவின் பழைய வழக்கம். 'மூன்றெழுத்து நடிகை', 'இயக்குநர் வீட்டு மாப்பிள்ளை' என்று. சென்னையில் ஆயிரம் பேர் இருக்கிற துறையில் அது யூகமாகவாவது நிற்கும். இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்? 'அண்ணி வேஷம் போட்டவர், கிள்ளான்காரர்' என்று எழுதினால் போதும், அந்தப் பெண்ணின் அடையாள அட்டையை எடுத்து ஒட்டின மாதிரிதான். பெயர் போடாவிட்டாலும், படிக்கிறவருக்கு ஆள் இன்னார் என்று தெரிந்தால் அது அவதூறுதான் என்று சட்டமே ஏற்கும். ஆனால் நாள் கூலிக்கு நடிக்கிற பெண் எந்த வக்கீலிடம் போவாள்?

ஒரு பெண்ணுக்கு இமை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண் முடிந்தது, மறு கண்ணுக்குப் பசை காயட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தேன். கைப்பேசி வரிசையாக அடித்தது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மூன்று வரி. தயாரிப்பாளரோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். அவள் திரையைக் காட்டி, "அக்கா, இது எங்க அம்மா இருக்கிற குரூப்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. மறு இமையை ஒட்டச் சொன்னாள், போய் நடித்துவிட்டு வந்தாள். அந்த மாதமே பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றது. கோயில் திருவிழா நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராகக் கூப்பிட்டிருந்தவர்கள், "இந்த வருஷம் வேற ஆள் பார்த்துட்டோம்மா" என்றார்கள். அந்த மூன்று வரி பொய் என்பது, அன்று முழுக்க அவளோடு படப்பிடிப்பில் இருந்த எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

பத்திரிகையாவது ஒரு முகவரியோடு வரும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போட்டே தீர வேண்டும் என்பது நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். நம் நாளிதழ் தமிழ் நேசன் நிற்கும்வரை, தப்பாக ஏதாவது வந்தால் நேரே போய் ஆசிரியரைக் கேட்கலாம், மறுப்புப் போடச் சொல்லலாம். லட்சுமிகாந்தனைக்கூட இன்னார் என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கு எழுதுகிறவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. 'பார்வர்ட் வந்தது, போட்டேன்' என்கிறார் குழுவை நடத்துகிறவர். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த மாமா, தினம் தேவாரம் அனுப்புகிறவர், அவரும் அதைத்தான் சொன்னார்.

கலைஞர்களைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளம் தராத தயாரிப்பாளரைப் பற்றி எழுதுங்கள், ஒத்திகையில் கை வைக்கிறவனைப் பற்றி எழுதுங்கள். அதற்குச் சாட்சி சொல்ல நாங்களே வருகிறோம். ஆனால் அந்தச் செய்திகள் எந்தக் குழுவிலும் சுற்றுவதில்லை, ஏன்?

தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளுக்கு இப்போது ஆள் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரையாவது பட்டியலிலிருந்து எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்கு முன் அந்தக் கலைஞருக்கே நேராக ஒரு போன் போடுங்கள். நம்பர் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு வாங்கித் தருகிறேன்.