பாட்டியிடம் விட்டால் பிள்ளை கெட்டுவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், மனம் ஆறவில்லை. மேடையில் பேசியவர் சொல்கிறார், மூன்று வயதுக்குள் பிள்ளையை அடுத்தவர் கையில் விடும் தாய் அதன் மனத்தை முடமாக்குகிறாளாம். உளவியலே சொல்கிறதாம். முன்வரிசை ஆண்கள் கைதட்டினார்கள்.

எந்த உளவியல் சொல்கிறது? அவர் இழுத்த பெயர் ஜான் பௌல்பி, பிரிட்டிஷ் மனநல மருத்துவர். பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, போருக்குப் பின் வீடின்றித் தவித்த பிள்ளைகளைப் பற்றியது. தனக்கென்று ஒரு முகம் நிலைக்காமல் விடுதிகளில் கிடந்த பிள்ளைகளும், காலையில் பாட்டியிடம் விட்டு மாலையில் நாம் வாரி எடுக்கும் பிள்ளைகளும் ஒன்றா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 1964இல் எழுதினார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன: அப்பா, பாட்டி, அண்ணன், அக்கா. கூடவே இருந்தவரைவிட, அழுதால் புரிந்துகொண்டு ஓடி வந்தவரிடம்தான் பிணைப்பு இறுகியது. மேடையில் இதை ஏன் சொல்லவில்லை?

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியுமுன் பஸ் வந்துவிடும். என் மகள் விழுந்தால் என் மாமியாரிடம்தான் ஓடுவாள். அவர் கைலி நுனியை வாயில் கவ்விக்கொண்டு தேம்புவாள். சீருடையைக்கூட மாற்றாமல் நின்று பார்த்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஓடிப்போய்ச் சேர ஒரு மடி அவளுக்கு இருக்கிறது. அது எப்படிக் கெட்டுப்போன பிள்ளையாகும்?

பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறினால் பிள்ளை தவிக்கும் என்பீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். தாய் வேலைக்குப் போவது பணத்தாசை என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனை அவர்கள் கட்டப் போவதில்லை.

அந்த மண்டபத்தில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் வளர்ந்தவர்கள்! அம்மா பால் மரம் வெட்டப் போனாள், ஆயா தொட்டிலை ஆட்டினாள். உங்கள் அம்மாவும் உங்களை முடமாக்கினாளா? அவளைச் சொல்ல வாய் வருமா? எங்களைச் சொல்ல மட்டும் எப்படி வருகிறது?

2023 முதல் நம் மலேசியச் சட்டம் தனியார் துறையில் தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு 7 நாளும் விடுப்பு தருகிறது. அந்த ஏழு நாளைப் பற்றி மேடையில் ஒரு சொல் உண்டா? பிள்ளை அப்பாவிடமும் ஒட்டும் என்று ஆய்வே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் கைதட்டிய அப்பாக்களைக் கேளுங்கள்: இரவில் பிள்ளை அழுதால் எழுந்திருப்பது யார்?