முறுகலா இன்னொண்ணு!

வீட்டுக்கு ஆள் வந்தால் ராத்திரிக்குத் தோசைதான் என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 பேருக்கு ஆளுக்கு மூன்று என்றாலே 18 தோசை. ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒருத்தி அடுப்படியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் கல் புகையும். அணைத்துவிட்டுப் போனால் அடுத்த தோசை பிய்ந்துகொண்டு வரும். அப்புறம் தண்ணீர் தெளித்து, வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. வந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவதும் அதே ஒரு மணி நேரத்தில்தான்.

போன மாதம் வந்தவள் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பல வருஷம் கழித்து வந்தவள், அவள் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்ததை என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்படி ஃபேன் சத்தத்தில் பாதி வார்த்தையைப் பொறுக்குகிறேன். தோசையோடு ஹாலுக்குப் போனால் எல்லோர் கண்ணும் கலங்கியிருக்கிறது. "என்னடி ஆச்சு?" என்று நான் வாயைத் திறப்பதற்குள், "கல்லு காயுது, போய்ப் பாரும்மா" என்கிறார் மாமியார். அவள் எழுந்து என்னிடம் வரப் பார்த்தாள். விடவில்லையே! விருந்தாளி அடுப்படிக்கு வரக்கூடாதாம். நான் தட்டோடு உட்கார்ந்தபோது அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அப்புறம் போன்ல பேசிக்கோயேன்" என்றார் கணவர். பெற்ற தாய் செத்ததை ஒருத்தி எத்தனை தடவை சொல்லுவாள்?

தோசை சூடாக இருந்தால்தான் ருசி. சரி, அப்படியென்றால் தோசையை ஏன் போட வேண்டும்? அதே மாவுதானே! பெரிய இட்லிப் பானையில் இரண்டு ஈடு எடுத்து ஹாட்பாக்ஸில் வைத்தால் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். சொன்னால், "வந்தவங்களுக்கு இட்லியா? காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கிற மாதிரி!" என்று முகம் சுளிக்கிறார்கள்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்திருக்கிறது. அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களுக்கு மட்டும் பார்த்த சராசரி. விருந்து நாளில் எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து "முறுகலா இன்னொண்ணு!" என்ற குரல் மட்டும் வரும்.

வேலைக்கு நான் அஞ்சவில்லை. சட்னி நான்கு வகை வேண்டுமா, காலையிலேயே அரைத்து வைக்கிறேன். என்னைப் பார்க்க வந்தவளோடு நான் பேச வேண்டும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது. இட்லி, இடியாப்பம், குருமா எல்லாம் முன்கூட்டியே ஹாலுக்கு வந்துவிடும். நானும் தட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்காருவேன். முறுகல் கேட்கிறவர் எழுந்துபோய் ஊற்றிக்கொள்ளட்டும்.