தலை எண்ணத் தெரிந்தவர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், 2009-இல் இலங்கைப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் செத்த பொதுமக்கள் எத்தனை பேர் என்று முகநூலில் கணக்குச் சண்டை தொடங்கிவிடும். நாற்பதாயிரமா, எழுபதாயிரமா, ஒன்றரை லட்சமா? இந்த முறை ஒரு நண்பர், "அரசாங்கக் கணக்கை நம்பாமல் வேறு யார் கணக்கை நம்புவது?" என்று கேட்டிருந்தார். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட சிலோன் குடும்பத்தில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அரசாங்கங்களுக்கு எண்ணத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டபோது, இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அம்மாச்சியின் பாஸ்போர்ட் இன்னும் கிடக்கிறது. கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவின் பெயர்கூட அதில் விடுபடவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறிய தேதிக்கு முத்திரை, ராமேஸ்வரத்தில் இறங்கியதற்கு இன்னொரு முத்திரை. நாடு கடத்த வேண்டுமென்றால் அவ்வளவு சுத்தமாக எண்ணுவார்கள்.

அம்மாச்சியின் தம்பி, என் சின்னத் தாத்தா, அந்தக் கப்பலில் ஏறவில்லை. 1977 கலவரத்தில் லயத்தை, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார். மலையகத்திலிருந்து அப்படி வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். இங்கே மேடையில் பேசுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. 2009-க்குப் பிறகு அவரைப் பற்றியும் அவருடைய மகன் குடும்பத்தைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், போர்ப் பகுதியில் சிக்கியிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்று கொழும்பு சொன்னது. உணவும் மருந்தும் போனது அந்தக் கணக்குக்குத்தான். போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்களே 2,80,000 பேருக்கு மேல்! அரசு சொன்ன கணக்கைப் பொய்யாக்க வேறு சாட்சி எதற்கு? பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று சாதித்ததும் இதே அரசுதான். 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் முன்வைத்த 1,46,679 என்ற எண்ணை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் கச்சேரிப் (மாவட்ட அரசு அலுவலகம்) பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். மீதிப் பேர் எங்கே என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நம் மேடைகள் விடையாக்கி, ஆண்டுக்கு ஆண்டு கூட்டியும் சொல்கின்றன. கூட்டிச் சொல்வது பாசத்தினால் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது. மறுக்கக் காத்திருப்பவன் கையில் நாமே கம்பை எடுத்துக் கொடுக்கிறோம்.

நம் தலைவர்களின் யோக்கியதையையும் அந்த ஆண்டே பார்த்துவிட்டோம். ஏப்ரல் 27 அன்று காலையில் அண்ணா நினைவிடத்தில் கலைஞர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். போர் நின்றுவிட்டது என்று மதியத்துக்குள் எழுந்துவிட்டார். மே 13 அன்று நாம் ஓட்டுப் போட்டோம். அப்போதும் அங்கே குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. போர் என்றால் மக்கள் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் ஜனவரியில் பேசிய ஜெயலலிதா, தேர்தல் நெருங்கியதும் தனி ஈழம் என்றார். இவர்களில் யாரை நம்பி அம்மாச்சி ஆறுதல் அடைந்திருக்க வேண்டும்?

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கள் பெண்கள் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நோட்டில் அவரவர் பெயருக்கு நேரே கிலோ ஏறியதைப் பார்த்த பிறகுதான் நகர்வார்கள். செத்தவர்கள் கணக்குக்கும் நான் கேட்பது அதுதான். பெயர், வயது, ஊர், கடைசியாகப் பார்த்தவர் யார்? காணாமல் போன பிள்ளைகளைத் தேடி, கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மாரும் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலைத்தான் கேட்டார்கள். காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020-இல் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கொழும்பு தராது, சரி. சேரம்பாடி முதல் கோத்தகிரி வரை எங்கள் தோட்ட லைன்களில் யார் யாரை இழந்தார்கள் என்று எழுதி வைக்கக் கொழும்பின் அனுமதி வேண்டுமா? சின்னத் தாத்தாவின் பெயரைக் கேட்டு இதுவரை எந்தக் கட்சிக்காரரும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. வாக்காளர் பட்டியலோடு மட்டும் தவறாமல் வருகிறார்கள்.